நாலு பாகத் தண்ணீரில் ஒரு சாட்சி

நான் மீசையை வழித்த அன்று காலை எங்கள் வீட்டுக்கு முன்வீட்டு இரத்தினம்மா துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஐம்பத்திரண்டு வயது மனிதன் ஒருவன் திடீரென்று மீசையில்லாமல் வாசல் படலையடியில் நின்றால் வீட்டில் சாவு என்றுதான் அர்த்தம். இரத்தினம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்து, என் மனைவி மீனாம்பிகையைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினார். யார் செத்தது என்று கேட்கவே இல்லை. "ஐயோ, ஒருத்தரும் சாகேல்லை அக்கா. இவர் கடலுக்கு அடியிலை போகப்போறாராம், அதுக்குத்தான் வழிச்சவர்" என்று மீனாம்பிகை சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. இரத்தினம்மா முடியைக் கட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப சாவு இனித்தானோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நேரமில்லை. எட்டு மணிக்கு வள்ளம் காத்துக்கொண்டிருந்தது.

என் பெயர் பஞ்சலிங்கம். மயிலிட்டியில் சமாதான நீதவான், ஜே.பி. என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரமோ பள்ளிக்கூடச் சான்றிதழோ, மூலத்தை என் கண்ணால் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்துவேன். மூலம் மழையில் நனைந்துவிட்டது, எலி அரித்துவிட்டது என்று வருகிறவர்களை வாசலோடு திருப்பிவிடுவேன். இதனால் எனக்குப் பகையும் உண்டு. ஆனால் பஞ்சலிங்கம் பொய் சொல்லமாட்டான் என்பதை அந்தப் பகைவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அப்படிப்பட்ட நான், எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதத்தில், ஒரு மீனைப் பார்ப்பதற்காகக் கடலுக்கடியில் போகவேண்டி வந்தது. எல்லாம் என் தங்கை மகாதேவியின் மகள் குணலட்சுமியின் கலியாணத்துக்காக.

மகாதேவியின் கணவர் இளையதம்பி சுழியோடி. மயிலிட்டியில் மற்றவர்களுக்கெல்லாம் வலைத் தொழில். அவர்கள் கடலுக்கு மேலே இருந்து எடுப்பதை எடுத்துக்கொண்டு வருவார்கள். இவர் ஒருவர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய்ச் சங்கும் சிங்க இறாலும் எடுக்கிறவர். இருபத்தைந்து வருடமாக அதுதான் தொழில். நானும் அதே கரையில் பிறந்தவன்தான். ஆனால் படிப்பு, பிறகு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை என்று போனதில் முழங்காலுக்கு மேலே கடலில் நனைந்ததில்லை.

பத்து வருடத்துக்கு முந்தி ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இளையதம்பி ஒரு கதை சொன்னார். கீரிமலைப் பக்கத்தில், நாலு பாக ஆழத்தில், அதாவது நாலு ஆள் தாழத்தில், கற்பார் என்கிற பாறைத் திட்டு ஒன்று இருக்கிறதாம். அங்கே ஒரு கலவாய் மீன் குடியிருக்கிறதாம். நெல் மூட்டை அளவு. இவர் கீழே போனதும் பொந்தை விட்டு வெளியே வந்து, இவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விடுமாம். ஊர்த் தலைமைக்காரர் மாதிரி யார் வந்தது, என்ன அலுவல் என்று விசாரிக்க வருவதால் அதற்கு 'விதானையார்' என்று பெயர் வைத்திருக்கிறாராம். சொல்லும்போது அவருடைய கண்கள் பளபளத்தன.

நான் பக்கத்து இலையில் இருந்தேன். பாயாசம் குடித்த உற்சாகத்தில், "புளுகுக்கும் ஒரு அளவு வேணும், புளுகர்!" என்று சொல்லிவிட்டேன். பந்தி முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. இளையதம்பியும் சிரித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது அந்தப் பந்தியோடு போயிருக்கும். சொன்னது நான். முத்திரை குத்தினமாதிரி ஆகிவிட்டது. ஒரு கிழமைக்குள் அவர் புளுகர் இளையதம்பி, வீடு புளுகற்றை வீடு, மகள் புளுகற்றை மகள். எங்கள் பக்கத்துப் பட்டப்பெயர்கள் காணி உறுதியைவிடப் பலமானவை. தலைமுறைக்கும் போகும்.

அதன் பிறகு இளையதம்பி கடலைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "தண்ணி தெளிவு" என்பார்; இல்லாவிட்டால் "தண்ணி கலங்கல்" என்பார். அதற்கு மேலே வாய் திறப்பதில்லை. நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

நினைக்க வைத்தவர் வல்வெட்டித்துறை நாகலிங்கம். பாய்க்கப்பல் காலத்தில் தண்டையலாக இருந்தவர்; கப்பலும் ஆட்களும் அவருடைய பொறுப்பில் போய்வந்தவை. அவருடைய மகனுக்குத்தான் குணலட்சுமியைப் பேசியிருந்தோம். சாதகம் பொருந்தியிருந்தது. பொடியனுக்கும் பிள்ளைக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. நாகலிங்கம் வீடு பார்க்க வந்தவர், சந்தியில் பஸ்ஸால் இறங்கி, இளையதம்பி வீடு எது என்று கேட்டிருக்கிறார். "எந்த இளையதம்பி? புளுகரோ?" என்று கேட்டிருக்கிறார்கள் எங்கள் ஊர் நல்லவர்கள். மனிதர் அந்த வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"ஜே.பி., எல்லாம் திறம். பிள்ளையையும் எங்களுக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு. ஆனால் நான் முப்பது வருஷம் கப்பல் ஓட்டினவன். முன்னணியத்திலை நிக்கிறவன் கல்லைக் கண்டால் கல்லு எண்டு சொல்லோணும். காணாட்டில் காணேல்லை எண்டு சொல்லோணும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது. ஒருத்தன் புளுகினதாலை ஒருக்கால் நாங்கள் கரை தட்டி, ரெண்டு சீவன் போனது. புளுகற்றை வீட்டிலை நான் சம்பந்தம் செய்யமாட்டன். நீங்கள் பிள்ளையின்ரை மாமன். பொய் சொல்லாத மனிசன் எண்டும் கேள்வி. சொல்லுங்கோ, உவர் புளுகரோ?"

"எனக்குத் தெரியாது. அவர் கடலுக்கடியிலை கண்டனெண்டு சொன்ன மீனை நான் காணேல்லை" என்றேன். உண்மை அதுதான். அந்தப் பெயரை வைத்ததே நான் என்பதும் உண்மை. அதை மட்டும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

"அப்ப கண்டிட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நாகலிங்கம் எழும்பினார். "நீங்கள் கண்டனெண்டு சொன்னால் எனக்கு அவ்வளவு காணும்."

அவர் போன பிறகு குணலட்சுமி வந்தாள். எல்லாம் அவளுடைய காதுக்குப் போய்விட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, எனக்கு அவரைத்தான் வேணும். அதுக்காக அப்பாவைப் புளுகர் எண்டு நினைச்சுக்கொண்டு ஒருத்தரும் என்னைக் கட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கள்தானே பேர் வைச்சனீங்கள்? நீங்களே ஒரு வழி பாருங்கோ."



வழி, பாசையூரிலிருந்து கனிசியஸ் வடிவில் வந்தது. இளையதம்பிக்குத் தெரிந்த பொடியன், நல்ல பகிடிக்காரன். தென்பக்கக் கடலில் கடலட்டை எடுப்பவன். அவனிடம் காற்றுச் சிலிண்டர்கள் இருந்தன. அதை முதுகில் கட்டிக்கொண்டால் மூச்சை அடக்கத் தெரியாதவனும் தண்ணீருக்கு அடியில் அரை மணித்தியாலம் இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பாரில் அவன் இறங்கியதே இல்லை. இறங்கியிருந்தாலும் சுழியோடிக்குச் சுழியோடி சாட்சி சொன்னால் யார் ஏற்பார்கள்? நான்தான் போகவேண்டும். முகக் கண்ணாடியை எனக்கு மாட்டிப் பார்த்துவிட்டு, "ஜே.பி. ஐயா, உந்த மீசை இருக்குமட்டும் கண்ணாடி ஒட்டாது. தண்ணி உள்ளுக்கை வரும்" என்றான். முப்பது வருடத்து மீசை. குணலட்சுமியின் முகத்தை நினைத்துக்கொண்டு வழித்தேன்.

வள்ளத்தில் நானும் இளையதம்பியும் கனிசியஸும்தான். பங்குனிக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. நாகலிங்கம் கரையில், வலை வைக்கும் வாடியின் நிழலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகாதேவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

கனிசியஸ் வழி நெடுகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "ஐயா, மூச்சைப் பிடிக்கக்கூடாது. கீழை இருந்தாலும், மேலை வந்தாலும், இழுத்து விட்டுக்கொண்டே இருக்கோணும். பிடிச்சியள் எண்டால் நெஞ்சு வெடிச்சுப் போம்." நான் நன்றாகத் தலையாட்டினேன். குறிப்பேட்டில்கூட எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் கடற்கரையில் பிறந்தவனுக்கு, நீந்தத் தெரியாவிட்டாலும், ஒரு விஷயம் மட்டும் இரத்தத்தில் இருக்கிறது: தலை தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடிக்கவேண்டும். கனிசியஸ் என்னை வள்ளத்தின் பக்கத்தில் மெல்லத் தாழ்த்தினான். நான் மூச்சைப் பிடித்தேன். கண் பிதுங்கும்வரை பிடித்தேன். பிறகு கையைக் காலை அடித்துக்கொண்டு மேலே வந்தேன். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் என் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டதாம்.

"ஐயா, முதுகிலை இவ்வளவு காத்தைச் சுமந்துகொண்டு மூச்சுமுட்டிச் செத்தால் நீதவான் கோட்டிலை நான் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டான் கனிசியஸ்.

"நீ வாயை மூடு!" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல் அது.

அதுவரை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்த இளையதம்பி என் பக்கத்தில் வந்தார். "மச்சான், வாய்ப்பாடு சொல்லுங்கோ."

"என்ன?"

"பதினாறாம் வாய்ப்பாடு. குழாயைக் கடிச்சுக்கொண்டு சத்தமாய்ச் சொல்லுங்கோ. சொல்லேக்கை மூச்சைப் பிடிக்க ஏலாது."

அந்த மனிதரின் புத்தியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக மதித்தேன். ரப்பர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று உறுமத் தொடங்கினேன். ஒவ்வொரு வரிக்கும் குமிழிகள் கடகடவென்று மேலே போயின. நூற்றுப் பன்னிரண்டு வரும்போது மூச்சு தன்பாட்டில் வந்துபோனது. கனிசியஸ் என் கையைப் பிடித்து இறக்கினான். காது அடைத்தபோது மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லிச் சைகை காட்டினான். நூற்று அறுபது வரும்போது என் முழங்கால்கள் மணலைத் தொட்டன. நான் அப்போதுதான் கண்ணைத் திறந்தேன்.

வாய்ப்பாடு மறந்துபோனது.

வெளிச்சம் அங்கும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருட்டும் சேறும் என்று நினைத்திருந்தேன். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, மணலில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் கற்பார் ஒரு ஊர் மாதிரிக் கிடந்தது. அதற்கு வீடுகள் இருந்தன, ஒழுங்கைகள் இருந்தன, சந்திகள் இருந்தன. மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக மீன்கள் அவரவர் அலுவலில் போய் வந்தன. கருவாடாகவும் குழம்பாகவும் கண்ட சாதிதான் பாதி. உயிரோடு அவற்றுக்கு இப்படியொரு நிறம் என்பது தெரியாமல் ஐம்பத்திரண்டு வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.

இளையதம்பி மேலேயிருந்து இறங்கி வந்தார். முதுகில் ஒன்றுமில்லை. கண்ணாடியும் காலில் ரப்பர் செட்டையும்தான். தரையில் அவர் கொஞ்சம் கூனி நடப்பவர். அங்கே அவர் நிமிர்ந்திருந்தார். கல்லுக்கு அடியில் ஒரு பெரிய பொந்தைக் காட்டினார். அதுதான் விதானையாரின் வாசல். நான் போய் முன்னால் முழந்தாளிட்டேன்.

வாசலில் யாரும் இல்லை.

இளையதம்பி இரும்புக் கம்பியால் கல்லில் மெல்லத் தட்டினார். காத்திருந்தோம். மூச்சு முடிந்து அவர் மேலே போனார். திரும்பி வந்தார். திரும்பவும் தட்டினார். உள்ளே தலையைவிட்டுப் பார்த்தார். மேலே போனார். இப்படி ஏழு தரம். ஒவ்வொரு தரமும் கண்ணாடிக்குள் அவருடைய முகம் முன்னையதைவிடச் சுருங்கியிருந்தது. வெளியே வா, ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று அந்த மீனை மனதுக்குள் கும்பிட்டேன். அது வரவில்லை.

ஆனால் காத்திருக்கிற மனிதனுக்குக் கண் சும்மா இராது. பொந்துக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பார்த்தது ஒவ்வொன்றையும், என் வழக்கப்படி, இரண்டு தரம் சரி பார்த்தேன். ஒரு தரம் சிரிப்பு வந்து வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது. கடலுக்கடியில் இருமிக்கொண்டு சிரித்தேன். கலியாணம் செய்தபோதும், உத்தியோகம் கிடைத்தபோதும், எனக்கு இப்படியொரு சந்தோசம் வந்ததில்லை. மீனாம்பிகை இதைக் கேட்டால் கோபிப்பாள், ஆனாலும் உண்மை அதுதான். கனிசியஸ் காற்று அளக்கிற கருவியைக் காட்டி, மேலே போவோம் என்று கையால் சொன்னபோது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கல்தூணைப் பிடிக்கிற பிள்ளை மாதிரி நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன். விரலைப் பிரித்துத்தான் கூட்டிக்கொண்டு போனான்.

வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள்.

"வரேல்லை, மச்சான்" என்றார் இளையதம்பி. "உந்தக் குமிழிச் சத்தத்துக்குப் பயந்திட்டுதோ தெரியேல்லை. நேற்றும் நிண்டது."

கரை கிட்டிக்கொண்டிருந்தது. வாடியடியில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. வலைக்காரர் இருபது பேராவது இருக்கும். மகாதேவியும் குணலட்சுமியும் தெரிந்தார்கள். எனக்கு வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மச்சான்," என்றேன். "நான் கண்டனெண்டு சொல்லட்டோ?"

இளையதம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. "வேண்டாம். காணேல்லை எண்டே சொல்லுங்கோ. எனக்காக நீங்கள் பொய் சொன்னால், நான் சொன்னதும் பொய்யாய்ப் போம்."

வள்ளம் மணலில் ஏறியது. நான் இறங்கி, மீசையில்லாத முகத்தோடு, சொட்டச் சொட்ட நாகலிங்கத்தின் முன்னால் போய் நின்றேன்.

"கண்டியளோ?" என்று கேட்டார்.

"கலவாயைக் காணேல்லை."

மகாதேவி கண்ணை மூடினாள். குணலட்சுமி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நாகலிங்கம் மட்டும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணாத முகமாய்த் தெரியேல்லை" என்றார். "வேறை என்ன கண்டியள்?"

அந்த ஒரு கேள்வி போதும். நான் மடை திறந்ததுமாதிரிச் சொல்லத் தொடங்கினேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமானுக்கு நிற்பதுபோல மீன்கள் வரிசையில் நின்றதைச் சொன்னேன். விரலளவு நீல மீன் ஒன்று முறையாக ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் போய்ப் பல்லுத் தீட்டிவிடுகிறது, பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு, விழுங்காமல், கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறது என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். மணலில் ஒரு இறால் வளை தோண்டி மண்ணை வெளியே தள்ள, ஒரு சின்ன மீன் வாசலில் காவல் நிற்கிறது, நான் கிட்டப் போனதும் மீன் வாலை ஆட்ட இரண்டும் உள்ளே ஓடி ஒளித்தன என்றேன். சிரிப்பு கேட்டது. எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒன்று என் கண்முன்னால் கல்லு நிறத்திலிருந்து மணல் நிறத்துக்கு மாறியது என்றேன். கடலுக்கடியில் ஒரு வெடிப்பால் நல்ல தண்ணீர் ஊறி வருகிறது, தண்ணீருக்குள் தண்ணீர் நெளிந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது என்றேன்.

"பச்சையாய் ஒரு கிளிமீன்," என்றேன், "கல்லைக் கறுக்கு முறுக்கெண்டு கடிச்சுத் தின்னுது. கொஞ்ச நேரத்தாலை பின்னாலை மணலாய்ப் போகுது. வெள்ளை மணல். நான் மூண்டு தரம் பாத்தனான்!"

அவ்வளவுதான். கூட்டம் வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஜே.பி. கடல்தண்ணி குடிச்சிட்டார்!" என்றான் ஒருவன். "மச்சானும் மச்சானும் சேந்து ஒரே புளுகு!" என்றான் இன்னொருவன். என் கையெழுத்துக்காகப் போன கிழமை என் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்.

"டேய்! நான் ஜே.பி.யடா!" என்று கத்தினேன். "என்ரை கண்ணாலை கண்டது! எழுதித் தாறன், முத்திரை குத்தித் தாறன்!" நான் கத்தக் கத்த அவர்கள் சிரித்தார்கள். ஐம்பத்திரண்டு வருடமாக ஒரு பொய் சொல்லாதவன் அன்றைக்குச் சொன்ன அத்தனையும் உண்மை. ஒருவனும் நம்பவில்லை. அந்தச் சிரிப்பு எப்படிச் சுடும் என்பது எனக்குத் தெரிந்தது. உடனே அடுத்ததும் தெரிந்தது: இந்த மனிதர் இதைப் பத்து வருடம் சுமந்திருக்கிறார்.

நான் இளையதம்பியின் கையைப் பிடித்தேன்.

"தண்டையல்," என்றேன் நாகலிங்கத்திடம், "அண்டைக்கு உங்களுக்கு ஒரு விசயம் நான் மறைச்சிட்டன். உவருக்குப் புளுகர் எண்டு பேர் வைச்சது வேறை ஆரும் இல்லை, நான்தான். காணாமல் முத்திரை குத்தினது நான். மச்சான், என்னை மன்னியுங்கோ." இருபது பேருக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை.

இளையதம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "உதென்ன மச்சான், விடுங்கோ, விடுங்கோ" என்று என் முதுகைத் தடவினார்.

நாகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கப்பலில் ஆள் நடத்திய கை அது. சிரிப்பு நின்றது.

"இளையதம்பியர், உவர் இப்ப சொன்னதெல்லாம் நீங்களும் கண்டனீங்களோ?"

"ஓம்" என்றார் இளையதம்பி. "ஒவ்வொரு நாளும் காணுறனான்."

"எத்தினை வருஷமாய்?"

"இருபத்தைஞ்சு."

"இதுக்கு மேலையும் கண்டிருப்பியள்?"

"இது ஒரு மூலைதானே. அங்காலை எவ்வளவோ கிடக்கு."

"ஊருக்கு எத்தினையைச் சொன்னனீங்கள்?"

இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு கலவாயைப் பற்றிச் சொன்னனான். ஒருக்கால். அதோடை விட்டிட்டன்."

நாகலிங்கம் எழும்பி நின்றார். உயரமான மனிதர்.

"அரை மணித்தியாலம் கீழை நிண்ட மனிசனுக்கு வாயை மூட ஏலாமல் கிடக்கு," என்றார் என்னைக் காட்டி. "இருபத்தைஞ்சு வருஷம் உவ்வளவையும் கண்டிட்டு ஒரேயொரு மீனைப் பற்றி மட்டும் சொன்ன மனிசனோ புளுகர்? உப்பிடி அளந்து கதைக்கிற ஒருத்தனை என்ரை கப்பலிலை நான் கண்டதில்லை." பிறகு மகாதேவியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, வைகாசியிலை நாள் பாருங்கோ."

குணலட்சுமி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அப்பாவிடம் போனாள். மகாதேவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. கனிசியஸ் கூட்டத்தைப் பார்த்து, "ஆருக்கும் சந்தேகம் எண்டால் இன்னொரு சிலிண்டர் கிடக்கு, மீசையை வழிச்சுக்கொண்டு வாங்கோ!" என்று கூவினான். ஒருவன் தன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் போனான்.

நாகலிங்கம் வாடிக்குள் போய், பாயை உதறிப் போட்டு, சம்மணம் கட்டி உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"சம்பந்தி, இங்கை வந்து இருங்கோ. அங்காலை கிடக்கிறதெண்டு சொன்னியளே, அதைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லோணும்."

இளையதம்பி என்னைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் உட்கார்ந்தான், பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்தான், பிறகு எல்லாரும் மணலில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர் தலையைத் துவட்டிய துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மெல்லிய குரலில் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் எழும்பும்போது மணி நாலு.